சாராள் வீட்டுக் கோழி

"கோழிக்குத்தான்க்கா" என்று சாராள் வாயைவிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

பழவேற்காட்டிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் சம்பூர்ணத்திடம் அவள் சென்னாகுன்னித் தூள் வாங்கிக்கொண்டிருந்தாள். பொடி இறாலைக் காயவைத்து விற்றபின் கூடையின் அடியில் தங்கும் உடைசல் அது. கால் விலை. கோழி வளர்ப்பவர்கள்தான் வாங்குவார்கள். சாராள் அதை மண் போகச் சலித்து, வறுத்து, ரேஷன் பருப்பும் காய்ந்த முருங்கைக்கீரையும் சேர்த்து வீட்டுச் சோற்றுக்குப் பொடி இடித்துவிடுவாள். கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் புருஷன் சாம்சனுக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. மகள் ஏஞ்சலினுக்கு ரத்தம் ஒன்பதுதான் என்று பள்ளிக்கூட முகாமில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதினொன்றுக்கு ஏறினால்தான் கபடி டீமில் இடமாம். மாதுளை வாங்கக் காசில்லை என்பதற்காகப் பெண்ணை உட்காரவைத்துவிட முடியுமா?

தூள் எதுக்கு என்று அன்று காலையில் கேட்டவள் எதிர்வீட்டுப் புவனேஸ்வரி. அவளுக்குத் தெரியாமல் அந்த லைன் வீடுகளில் பால் பாக்கெட்கூடப் பிரியாது. வாசலில் காக்கா உட்கார்ந்துவிட்டுப் போனாலும் பினாயில் ஊற்றுகிற சுத்தக்காரி.

"கோழி வெச்சினுகீறியா? கண்ணுலயே காட்டல?"

"அதுக்குக் கூச்சம்க்கா. பின்னாடியே இருக்கும்."

கூச்சப்படும் கோழியின் புகழ் சாயங்காலத்துக்குள் பதினாலு வீட்டுக்கும் பரவியது. மறுநாளே புவனேஸ்வரி கிண்ணத்தோடு வந்தாள், மகனுக்கு ரெண்டு நாட்டுமுட்டை வேண்டுமென்று. சாராள் பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடி, ஒன்று பதினைந்து ரூபாய்க்கு வாங்கிவந்து, "இப்பத்தான் வெச்சுது" என்று மூச்சிரைக்க நீட்டினாள். முட்டை வைத்தது கோழிதானா என்று சந்தேகப்படும் அளவுக்கு இரைத்தது. புவனேஸ்வரி அக்கம்பக்கத்து உரிமையோடு எட்டு ரூபாய் கணக்கில் கொடுத்தாள்.

பிறகு நாலு வீடு வாடிக்கை ஆயிற்று. இரண்டு மாதம் சாராள் மிச்சம்பிடித்ததில் பாதி அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனது. பொறுக்காமல் சாம்சனைப் பொன்னேரிக்கு விரட்டினாள், நிஜமாகவே ஒரு கோழி வாங்கிவரச் சொல்லி. உருக்கிய இரும்பின் பக்குவத்தைத் தூரத்திலிருந்தே சொல்லும் சாம்சன், அடுத்த வாரம் முட்டையிடும் என்று விற்றவன் சொன்னதை நம்பி ஒரு இளசைத் தூக்கிவந்தான்.

அடுத்த செவ்வாய், சம்பூர்ணத்தின் கூடையைச் சுற்றி லைன் மொத்தமும் கூடியிருந்த நேரத்தில், அது மதில்மேல் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, கொக்கரக்கோ என்று கூவியது.

"இன்னா சாராளு," என்றாள் புவனேஸ்வரி, "ரெண்டு மாசமா இந்தச் சேவலா முட்ட வெச்சுது?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. போன மாதமாக இருந்தால் சாராள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியிருப்பாள். ஆனால் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் நேற்றுப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீட்டு இருந்தது.

"கோழியே கெடையாதுக்கா. முட்ட கடையில வாங்குனது. தூளு நாங்க துன்றதுக்கு. எம்பொண்ணுக்கு இப்ப ரத்தம் பதினொண்ணர, டீம்ல சேத்துக்கினாங்க. நாளைக்கும் துன்னுவோம், நாளன்னிக்கும் துன்னுவோம். சம்பூர்ணக்கா, ரெண்டு டப்பாவா போடு."

புவனேஸ்வரி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அய்ய, கோழி துன்றத மனுசன் துன்னுவானா?"

சம்பூர்ணம் நிமிராமல் ரெண்டு டப்பா அளந்து போட்டாள். பிறகு அதே டப்பாவைத் தட்டிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப நீயும் இனிமே தெருமுனைக்கு ஓடியாற வேணாம் புவனா. உன் கோழிக்கு எப்பவும்போல மூணு டப்பா, இங்கயே அளந்துடட்டா?"