கேத்தல் பாட்டுக்குச் சொந்தக்காரர்

ரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே 'ஜீவா கொமியூனிகேஷன்' நடத்தும் ஜீவராஜ், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் வீட்டுக்கு வந்து சோறு கேட்காமல் உட்கார்ந்தார். அதிலேயே பாதி விஷயம் சந்திரகாந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் சோறு கேட்காமல் உட்கார்ந்தது ஒரே தடவைதான். அன்றைக்கு அவருக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள்.

"என்னங்க, கையில என்ன?"

"லோயர் கடுதாசி. மாத்தளையிலருந்து வந்திருக்கு. இங்கிலீஷ். நீ வாசி."

"உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே."

"தெரியும். கோவமான இங்கிலீஷ்தான் புரியாது."

சந்திரகாந்தா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைப்பவள் அவள். உயர்தரம் வரை படித்தவள். நிதானமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"'சின்னமலைப் பெண்கள் இசைக்குழு' எங்க கட்சிக்காரங்க. 'கேத்தல் பாட்டு' அவங்க சொந்தப் பாட்டு. அவங்களக் கேக்காம நீங்க அதைப் பிரதி பண்ணி விக்கிறீங்க. உடனே நிறுத்தணும். வித்ததுக்கு நட்டஈடு தரணும். வர்ற வெள்ளிக்கிழமை வந்து பேசலேன்னா கோர்ட்டு."

"கோர்ட்டுன்னா எழுதியிருக்கு?"

"கோட்டுன்னு எழுதியிருந்தா நானே தச்சுக் குடுப்பேன். இது கோர்ட்டு."

ஜீவராஜின் கடையில் போனுக்கு ரீலோட் போடலாம், போட்டோ கொப்பி எடுக்கலாம், உடைந்த போனை ஒட்டலாம். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பென் டிரைவ்தான். ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்கப் போகிற வேன்களெல்லாம் அவர் கடை வாசலில் நிற்கும். ஆயிரம் பாட்டு ஏற்றிய பென் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் மலை ஏறும். ஏழு மாதமாக அந்த ஆயிரத்தில் முதல் பாட்டு கேத்தல் பாட்டு. அதைக் கேட்கத்தான் வேன்கள் நிற்கின்றன என்பது அவருக்கே தெரியும்.

"கொதிக்கிற தண்ணிய மறந்தாரு,
கேத்தல் கருகிப் போச்சு – எங்க
வீட்டு மாப்பிள்ளைக்கு இப்போ
பொறுப்பு பெருகிப் போச்சு"

என்று அது தொடங்கும். யார் வீட்டு மாப்பிள்ளையோ, பாவம் என்று ஜீவராஜ் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சந்திரகாந்தா முன்பே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். பாடின பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்றாள். பேர் கிடைக்கும் என்றார். பேரை எந்தக் கடையில் மாற்றலாம் என்றாள். பாட்டெல்லாம் காத்து என்று சொல்லி அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இப்போது கூட்ட முடியவில்லை. எழுந்து நடந்தார். சின்ன வீடு. நாலு எட்டில் சுவர் வந்துவிட்டது.

"பாட்டுங்கிறது காத்து மாதிரி, காந்தா. காத்துக்கு யாராவது காசு கேப்பாங்களா?"

"பக்கத்து டயர் கடை நிஸ்தார் நானா கேக்குறாரே. ஒரு டயருக்கு அம்பது ரூபா."

"அது வேற காத்து." திரும்பி நடந்தார். "நான் விடப் போறதில்ல. எதிர்த்து நிக்கப் போறேன். இது நாட்டார் பாட்டு. தேயிலைத் தோட்டத்துல நூறு வருஷமாப் பாடுறாங்க. இன்னார்தான் எழுதுனாங்கன்னு யார் வந்து சொல்ல முடியும்? எழுதுனதுக்கு அத்தாட்சி எங்க இருக்கு?"

சந்திரகாந்தா ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் கோத்தாள்.

"நூறு வருஷத்துக்கு முந்தி சார்ஜர் வயர் இருந்துச்சாங்க?"

"சார்ஜர் வயரா? அது எங்க வருது?"

"ரெண்டாவது சரணத்துல. முழுசாக் கேட்டுட்டுப் பேசுங்க."

உண்மையைச் சொன்னால், ஆயிரக்கணக்கான பென்களில் ஏற்றிய அந்தப் பாட்டை ஜீவராஜ் முதல் சரணத்துக்கு மேல் கேட்டதேயில்லை. கடையில் அதற்குள் யாராவது ரீலோட் கேட்டு வந்துவிடுவார்கள். இப்போது போனைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"பாம்புன்னு பதறிப் பாஞ்சாரு – அது
சார்ஜர் வயராம் கீழ,
மூணு மணி நேரம் குந்தியிருந்தாரு
தையல் மெஷினு மேல"

ஜீவராஜின் சிரிப்பு நின்றது. மூன்றாவது சரணத்தில் மாப்பிள்ளை கல்யாண வீட்டுக்குப் போகிறார். இரண்டு காலிலும் இடது சப்பாத்து. சபையில் மாலை போடுகிறார்கள். ஊர் குனிந்து பார்க்கிறது.

போனை மெல்லக் கீழே வைத்தார்.

"காந்தா, இது நான்."

"எது நீங்க?"

"அந்த மாப்பிள்ளை. கேத்தலைக் கருக்கினதும் நான்தான். போன மாரியில நான் மெஷின் மேல ஏறி உக்காந்தேனே, மறந்துட்டியா? யட்டவத்தயில உன் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ரெண்டு இடது சப்பாத்தோட போனேனே. அங்க யாரும் கவனிக்கல. வீட்டுக்கு வந்து கழட்டயிலதான் நாம ரெண்டு பேரும் பாத்தோம்."

"ஆமாங்க. இப்ப ஞாபகம் வருது."

பயந்து வந்த மனிதருக்கு இப்போது ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு பசியும் வந்தது. சோற்றைப் போடச் சொல்லி, பிசைந்துகொண்டே பேசினார்.

"என் வாழ்க்கையைத் திருடிட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்காம எடுத்து, பாட்டாக்கி, ஊர் ஊரா விட்டிருக்காங்க. இது எவ்வளவு பெரிய அநியாயம்."

"கேக்காம எடுத்தா அநியாயந்தாங்க," என்றாள் சந்திரகாந்தா, பருப்பை ஊற்றிக்கொண்டே.

"நான்தான் அவங்க மேல வழக்குப் போடணும்."

"போடுங்க. ஆனா வாயால சொன்னா லோயர்மார் கேக்க மாட்டாங்க. எழுத்துல இருக்கணும். பாட்டுல வர்ற மூணு சம்பவமும் நம்ம வீட்டிலதான் நடந்தது, வேற யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நெசமா வேற யாருக்கும் தெரியாதுதானே?"

"உனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். ஜன்னல் வழியா நிஸ்தார் நானா பாத்திருப்பாரோன்னு சந்தேகம்."

"சந்தேகத்தை எழுதாதீங்க. கேஸ் கெட்டுப் போகும்."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வெள்ளைத் தாளில் முத்து முத்தான கையெழுத்து. ஜீவராஜ் கையெழுத்திட்டு, கடை முத்திரையையும் குத்தினார். குத்திய பிறகு அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. இப்படி ஒரு பெண்சாதி அமைய எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இருவரும் மாத்தளைக்கு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் கேத்தல் பாட்டு ஓடியது. டிரைவர் வைத்திருந்ததும் ஜீவராஜ் விற்ற பென்தான். மூன்றாவது சரணத்துக்குப் பஸ்ஸே சிரித்தது. ஜீவராஜ் சப்பாத்தை இருக்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

சட்டத்தரணி நிஷ்மியாவின் அலுவலகம் திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் இருந்தது. சின்ன வயதுப் பெண். மேசைக்கு அந்தப் பக்கம், சின்னமலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சர்மிளா உட்கார்ந்திருந்தாள். பாடியவள் அவள்தான். இவ்வளவு சின்ன உருவத்துக்குள் அவ்வளவு பெரிய குரலா என்று ஜீவராஜ் வியந்தார். பிறகு, எதிரியை வியக்கக் கூடாது என்று நினைவு வந்து, தாளை மேசையில் வைத்தார்.

நிஷ்மியா அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே ஐயா?"

"முத்திரையும் என்னோடதுதான்."

"இந்த மூணு சம்பவமும் உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தானே?"

"வேற ஒரு உயிருக்கும் தெரியாது."

"அப்போ பாட்டை நீங்க எழுதினீங்களா?"

"நானா? எனக்கு ஒரு விண்ணப்பமே எழுத வராதும்மா."

"ரெண்டு பேருக்குத் தெரியும். அதுல ஒருத்தர் எழுதல," என்றாள் நிஷ்மியா. "மத்தவங்க யாரு?"

ஜீவராஜ் திரும்பினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. சந்திரகாந்தா மேசையைச் சுற்றிப் போய், சர்மிளாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்க பக்கத்துல ஒரு குறை இருந்துச்சு," என்றாள் நிஷ்மியா மரியாதையாக. "பாட்டை அக்காதான் எழுதினாங்கன்னு காட்ட எழுத்துல ஒன்னும் இல்ல. ரொம்ப நன்றி, ஐயா."

ஜீவராஜ் தன் முத்திரையையே பார்த்தார்.

"சனிக்கிழமை மாதர் சங்கம்னு போனியே."

"மாதர் சங்கந்தான். அங்க பாடுவோம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"பாடினவங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டேன். பேருன்னீங்க, காத்துன்னீங்க. அதான் காத்துக்கு ஒரு கதவு வச்சேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்வை கழுத்துக்கு இறங்கியது. அங்கே சங்கிலி இல்லை.

"சங்கிலி எங்க?"

"ஒலிப்பதிவு செய்ய ஸ்டூடியோக்காரர் கேட்டதைக் குடுக்கணுமே. அடகுல இருக்கு. எட்டு மாசமாச்சு."

போன் திரையில் மயிரிழைக் கீறலைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற மனிதர் அவர். எட்டு மாதமாக மனைவியின் வெறுங்கழுத்தைக் காணவில்லை. பாட்டு விற்று மீட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவள் வைத்திருப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டை ஆயிரத்தோடு ஒன்றாக அள்ளிக் கொடுத்தவர் அவரேதான்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

ஒப்பந்தம் எளிமையானது. அனுமதியில்லாத பாட்டு எதுவும் இனிக் கடையில் ஏறாது. கேத்தல் பாட்டைக் குழுவின் அனுமதியோடு அவரே விற்கலாம். பணம் முதலில் எழுதியவளுக்கும் பாடியவளுக்கும் போகும், கடைக்கு ஒரு பங்கு வரும். நட்டஈட்டுக்குப் பதிலாக அவர் சங்கிலியை அடகிலிருந்து மீட்டுத் தர வேண்டும். சர்மிளா, "அண்ணே, நீங்க கெட்டவர் இல்லன்னு அக்கா எப்பவும் சொல்லுவாங்க. பாட்டுக்கு ரொம்ப உதவியா இருக்கீங்கன்னும் சொல்லுவாங்க," என்றாள்.

மறுநாளே ஜீவராஜ் கடைச் சுவரில் குழுவின் கியூஆர் கோட்டை ஒட்டினார். ஸ்கேன் பண்ணினால் பணம் நேரே அவர்கள் கணக்குக்குப் போகும், பாட்டு போனுக்கு வரும். பழைய ஆயிரத்தை அழித்தார். முதல் நாள் பதினொரு வேன் நின்றது. நாலு வேன் முணுமுணுத்துக்கொண்டு போனது. ஏழு வேன் பணம் போட்டது. நாலந்தாவிலிருந்து வந்த ஒரு டிரைவர், பாடினவங்களுக்கே போகுதுன்னா சரி என்று இரட்டிப்பாகப் போட்டார். மாதக் கடைசியில் யட்டவத்தயிலிருந்து பைலாப் பாட்டுப் பாடும் ஒரு குழு தங்கள் பாட்டையும் இப்படி விற்றுத் தர முடியுமா என்று கேட்டு வந்தது. தைப் பொங்கலுக்குச் சந்திரகாந்தாவின் கழுத்தில் சங்கிலி இருந்தது. ஜீவராஜ் அதை உடனே கவனித்தார்.

அந்தத் தைரியத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஏன் காந்தா, எழுதுனதுக்கு உனக்கு, பாடுனதுக்கு சர்மிளாவுக்கு. அந்தப் பாட்டுல வாழ்ந்தவன் நான். வாழ்ந்ததுக்கு ஒன்னும் கிடையாதா?"

சந்திரகாந்தா பாட்டெழுதும் கொப்பியைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"குடுக்கலாங்க. ரெண்டாவது பாட்டுக்கு இன்னும் நாலு வரி குறையுது. இன்னைக்கு மீன் நீங்க கழுவுங்க."