மீன் இப்போது எங்கே நிற்கும்?

கொழும்பில் மீன் பிடிப்பவர்கள் ஒரு வகை. மீன் எங்கே நிற்கும் என்று சொல்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரை உங்களுக்குத் தெரியாது. அவர்கள் மீனைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாம் வகையிடமிருந்து தப்பவே முடியாது. வெள்ளவத்தைச் சந்தையில் உங்களுக்கு முன்னால் நின்று, ஐஸில் கிடக்கும் செத்த மீனைப் பார்த்து, அது விடியற்காலையில் எந்தக் கரையில் மேய்ந்தது, வெயில் ஏறியதும் எத்தனை அடிக்கு இறங்கியது, மழைக்கு முதல்நாள் ஏன் வாயே திறக்கவில்லை என்று அரை மணித்தியாலம் விளக்கிவிட்டு, கடைசியில் கால் கிலோ நெத்தலி வாங்கிக்கொண்டு போவாரே, அவரேதான்.

அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். பெயர் ஹபீஸ். ஒரே மாடியில், கதவுக்கு நேர் கதவு. என் தலைவிதி, வேறென்ன?

அவருடைய போனில் பொல்கொடை வாவியின் வரைபடம் இருக்கிறது. சிவப்பு அம்பு காலை மீன், நீல அம்பு மாலை மீன். "மீனைத் தொரத்தக்கூடாது மச்சான். அது வரப்போற எடத்துக்கு நாங்க முந்திப் போகோணும்" என்பார். ஏழு வருடமாக முந்திப் போகிறார். மீன்தான் பிந்துகிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான், போன மாதம் வரைக்கும். அவர் மகள் அர்பாவைப் பேசி, தெமட்டகொடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பிள்ளைக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பையனின் வாப்பா மஜீட் ஹாஜியாரின் ஒரு தலையசைப்புத்தான் பாக்கி. அந்த மனிதரிடமா போய் எங்கள் ஆள் போனில் இப்படி அளப்பது? "ஹாஜியார், நீங்க சாப்பிடப்போறது கடை மீனில்ல. காலையில நான் புடிக்கிற கொடுவா!"

அதோடு நின்றாரா? மனைவி ஷபீகாவிடம், கடையில் மீன் வாங்கினால் தன் மானம் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொடுவாவுக்கு இரையென்று ஒரு கிலோ பெரிய இறால் வாங்கி, பெட்டியில் போட்டு, ஃபிரிஜ்ஜில் வைத்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரும் நானும் வாவியில். படகோட்டி ஜயந்த அய்யே நாணல் ஓரத்தைக் காட்டி, "மாளு மெத்தன" என்றார். மீன் இங்கேதான் என்கிறார். ஹபீஸ் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

"மீன் இப்ப இங்க ஈக்கும். நாங்க தூண்டில் கட்டி முடிக்கிறத்துக்குள்ள அங்கால போயிரும்."

அங்கால போனோம். அங்கே போனதும் வெயில் வந்துவிட்டது, மீன் நிழலுக்குத் திரும்பியிருக்கும் என்றார். நிழலுக்குப் போனோம். காற்று மாறியது, பாலத்தடிக்குப் போனோம். அங்கே தண்ணீர் கலங்கலாக இருந்தது, தீவுக்குப் பின்னால் போனோம். அதுவும் சரிவராமல் இன்னோரிடம். ஆறு இடம். ஒன்பதரை மணி. தூண்டில் தண்ணீரைத் தொடவேயில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நீந்தியே வெள்ளவத்தைக்கு வந்திருப்பேன்.

ஏழாவது இடத்தில்தான் இரைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இறால் தலைகள். கழுவி, அழகாக அடுக்கிய தலைகள் மட்டும்.

"ஒடம்பு எங்க?" என்று என்னைக் கேட்டார். நானா தின்றேன்?

ஜயந்த அய்யே படகை நாணல் ஓரத்துக்கே திருப்பினார், ஒரு தலையைத் தன் தூண்டிலில் கொளுவினார், பத்து நிமிடத்தில் உள்ளங்கையளவு திலாப்பியா ஒன்றைத் தூக்கிப்போட்டார். ஹபீஸ் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது வழி தவறி வந்த மீன். கணக்கில்ல."

வெறுங்கையோடு படியேறும்போதே இறால் குழம்பு மணத்தது. கதவைத் திறந்த ஷபீகா, ஹபீஸ் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னார்: "நான் மீன் வாங்கல்ல. சொன்ன சொல்லத் தட்டல்ல. ஏழு வருஷமா ஒங்கட மீன நம்பின நான், இன்டைக்கும் நம்பி எண்ட புள்ளட கலியாணத்தைக் கெடுத்துக்கவா?"

ஒரு மணிக்கு ஹாஜியார் வந்தார், உட்கார்ந்தார், சாப்பிடத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "கொடுவா எங்க?" என்றார்.

ஹபீஸின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் அர்பா மூச்சுவிட்டிருக்கமாட்டாள்.

"காத்து மாறிட்டு ஹாஜியார்" என்றார் மெதுவாக. "மீன் தீவுக்குப் பொறகால..."

"தீவுக்கா?" ஹாஜியார் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். "யாரு சொன்ன? காத்து மாறினா அது வாய்க்கால் வாய்க்குத்தான் வரும்! ஒங்கட போன எடுங்க, காட்றேன்."

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை இருவரும் போனைவிட்டுத் தலை நிமிரவில்லை. எழும்பும்போது ஹாஜியார், "அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் போவோம் சம்பந்தி" என்றார். சம்பந்தி! உள்ளே ஷபீகா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மகிழ்ச்சியா, இனி இரண்டு பேருக்கு இறால் வாங்க வேண்டுமே என்ற கவலையா, தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் அந்த ஆறு இடமும் அலைந்தபோது, 'காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று இந்த ஆள் எழுதவேயில்லையே, பாலத்துக்கு இந்தப் பக்கமல்லவா போட்டிருக்க வேண்டும்' என்று உங்கள் மனதில் ஒரு நமைச்சல் வந்ததா? வந்திருந்தால், படகில் என் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இரையை மட்டும் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துவிடாதீர்கள்.