சத்தியமா இவங்க என் வீட்டுக்காரர்தான் சார்

போன மாசம் கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குப் போனேன். கூட வீட்டுக்காரரும் வந்தாங்க.

வேலை ரொம்ப லேசு. நாங்க ரெண்டு பேரும் நெசமாவே புருசன் பொண்டாட்டிதான்னு ஒரு வெள்ளைக்கார ஆபீசரை நம்ப வைக்கணும். அவ்வளவுதான். ராஜாக்கமங்கலத்துல சர்ச் நிறைய ஆளைக் கூட்டிக் கல்யாணம் பண்ணி, மட்டன் பத்தலன்னு இன்னைக்கு வரைக்கும் பேச்சு வாங்கிட்டிருக்கோம். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

ஆனா விசயம் விளையாட்டு இல்ல. கல்யாணமாகி மூணு வருசம். அத்தான் அமெரிக்காவுல, நான் மாமனார் வீட்டுல. வருசத்துக்கு ஒரு தடவை லீவுல வருவாங்க, பெட்டியைப் பிரிக்கதுக்குள்ள லீவு முடிஞ்சிரும். இந்த இன்டர்வியூ ஊத்திக்கிட்டா இன்னும் எத்தனை வருசமோ. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, என்னை விட பயம். சர்ச் சர்டிபிகேட், கல்யாண கார்டு, ஆல்பம்னு எல்லாத்தையும் ஒரு பையில அடைச்சாங்க. கடைசியா ஒரு எவர்சில்வர் தூக்குவாளியையும் உள்ள வச்சாங்க.

"இது எதுக்கு மாமா?"

"கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் மக்கா. ரெண்டு பேரு பேரும் வெட்டியிருக்கு பாத்தியா? பேப்பரை எவனும் அடிச்சுக் குடுப்பான். பாத்திரத்துல போயி எவனாவது பொய்யா பேரு வெட்டுவானா?"

எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. நம்ம புத்தி அப்படி.

அமெரிக்கத் தூதரக வாசல்ல செக்யூரிட்டி தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். காலி. இது என்னம்மான்னு கேட்டார். சாட்சின்னேன். என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்துட்டு, சாட்சியை வெளியவே வச்சிட்டுப் போகச் சொல்லிட்டார்.

உள்ள, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீசர். பக்கத்துல மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொண்ணு. ஆபீசர் சிரிச்ச முகமா, கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணா எடுத்த போட்டோ இருக்கான்னு கேட்டார். இல்லாமலா? ஒரு கட்டு போட்டோவை எடுத்து நீட்டினேன்.

திற்பரப்பு அருவியில நானும் மாமாவும். முட்டம் கடற்கரையில நானும் மாமாவும். என் பிறந்தநாளுக்கு கேக் வெட்டி நான் மாமாவுக்கு ஊட்டுகேன்.

புரட்டப் புரட்ட ஆபீசர் முகத்துல சிரிப்பு குறைஞ்சுக்கிட்டே வந்துது. எல்லாத்துலயும் இருக்க இந்தப் பெரியவர் யாருன்னு கேட்டார். மாமனார்னேன். அப்ப கணவர் எங்கன்னார்.

"படம் எடுத்தது அவங்கதான் சார்."

அத்தானோட கேமரா அமெரிக்காவுல வாங்கினது. அதை வேற யார் கையிலயும் குடுக்க மாட்டாங்க. அதனால மூணு வருசத்துல ஒரு படத்துலயும் அந்த மனுசன் இல்ல. ஆபீசர் அத்தான் பக்கம் திரும்பினார். நல்லதா ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு பார்த்தா, லைட்டிங் நல்லா விழுந்திருக்குன்னு இங்கிலீஷ்ல விளக்குகாங்க! இங்க குடும்பமே அந்தரத்துல தொங்குது, இவங்களுக்கு லைட்டிங்.

அடுத்து, நாங்க வாட்ஸ்அப்ல பேசினதை அச்செடுத்து வச்சிருந்த கட்டைக் கேட்டார். வினையே அதுலதான் இருந்துது.

மாமா சபை ஜெபக் குழு மெசேஜை எல்லாம் என் போன்லதான் படிப்பாங்க. அவங்க கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு, அத்தான் கொஞ்சி அனுப்புனதை எல்லாம் படிச்ச கையோட அழிச்சிருவேன். அடக்க ஒடுக்கமான மருமகளாம்! மிச்சம் இருந்ததை அந்தப் பொண்ணு செய்தி வாசிக்க மாதிரி வாசிச்சுது.

"இன்னைக்கு என்ன மீன்? சாளை. வறுத்தியா, கறியா? கறி. மாங்கா போட்டியா? போட்டேன்."

அடுத்த பக்கம் நெத்தலி. அதுக்கு அடுத்த பக்கம் அயிலை. கட்டு முழுக்க இப்படித்தான் சார் இருக்குன்னு அந்தப் பொண்ணே பரிதாபமா சொல்லிச்சு. நீங்க ரெண்டு பேரும் மீன் வியாபாரத்துல பார்ட்னரான்னு கேட்டார் ஆபீசர்.

எனக்கு அழுகையே வந்துட்டு. அத்தான்கிட்ட திரும்பி, "மீனைத் தவிர வேற ஒண்ணுமே கேக்கலியா நீங்க?"ன்னேன்.

"எவ்வளவோ கேட்டேன்லா ஏட்டி. நீதான எல்லாத்தையும் அழிச்ச?"

ஆபீசர் இதையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டார். பிறகு ஒரு பக்கத்துல விரலை வச்சார். நான் விளமீன் கறி வச்ச அன்னைக்குப் பேசினது. தலை யாருக்குன்னு அத்தான் கேட்டிருக்காங்க. மாமாவுக்குன்னு நான் சொல்லியிருக்கேன். எனக்கு ஒரு துண்டு எடுத்து வையின்னு அத்தான். நீங்க அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இதை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு ஆபீசர் கேட்டார்.

அத்தான் மெதுவா சொன்னாங்க: "சாப்பிட முடியாதுன்னு தெரியும் சார். அங்க அறையில தனியாத்தான் உக்காந்து சாப்பிடுகேன். வீட்டுல என்ன கறின்னு தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

மூணு வருசத்துல இதை என்கிட்ட ஒரு தடவை கூட சொன்னதில்ல. ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு, யாரோ ஒரு ஆபீசர் கேட்டுத்தான் எனக்குத் தெரியணும்னு இருக்கு.

ஆபீசர் கட்டை மூடினார். பொய்க் கல்யாணம் பண்ணிட்டு வர்றவங்க இதைவிட நல்லா எழுதிக் கொண்டு வருவாங்கன்னார். விசா வீட்டுக்கு வரும், போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டார்.

அதனால மக்களே, வெளிநாட்டுல இருக்க புருசன் அனுப்புன முத்தத்தை அழிச்சாலும் அழிங்க, மீனை மட்டும் அழிச்சிராதீங்க.