பிரேக் இல்லாத விடுமுறை

இந்த வருட விடுமுறையில் ஒரு தியாகம் செய்வது என்று தீர்மானித்தேன். சில்லறைத் தியாகம் இல்லை. குடும்பமே ராட்டினமும் சறுக்கலுமாகச் சுற்றிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் அடுப்படியில் வியர்க்க விறுவிறுக்க நின்று எல்லோருக்கும் சமைத்துப் போடுவது. இதைப் படித்ததும் உங்கள் கண் கலங்கியிருக்கும். துடைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். நான் பக்கத்து இருக்கையில். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வண்டி லாரிக்கு நேராகப் போனாலும் சரி, மருந்துக்கடைக்குள் போனாலும் சரி, கடைசி நொடியில் ஒரு மிதி மிதிப்பேன். என் தைரியம் முழுவதும் அந்த மிதியில்தான் இருக்கிறது. காலுக்குக் கீழே பிரேக் இல்லாத எதிலும் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. பஸ்ஸில் போனால் முன் இருக்கைக்காரரை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே போவேன். லிப்டில்கூட வலது காலை அழுத்திக்கொண்டுதான் நிற்பேன்.

இந்த ரகசியம் என் மகளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வாண்டு அவள். ஒன்பது வயது. "எங்கப்பாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. கார் ஓட்டத் தெரியாதவங்ககூடவே தினமும் கார்ல போறாரு!" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கேட்டுக் கேட்டு நானே அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் பொழுதுபோக்குப் பூங்காவின் விளம்பரம் வந்து தொலைத்தது.

விளம்பரத்தில் ஒரு தண்டவாளம். நேராக வானத்துக்குப் போகிறது. அங்கே என்ன வேலையோ, உடனே திரும்பி வருகிறது. வரும் வழியில் தலைகீழாக ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அதன் பெயர் பேய்ப்பாம்பு. கூடவே ஓர் அறிவிப்பு: சிறுவர்கள் ஏற வேண்டுமானால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும்.

"அப்பா, நீங்கதான் என்கூட உட்காரணும்!"

"பின்னே? நான் இல்லாம யாரு?" என்றேன். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. வலது கால் மட்டும் சோபாவுக்கு அடியில் எதையோ தேடி மிதித்துக்கொண்டிருந்தது.

இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு ரசிகை உண்டென்றால் அது வாண்டு ஒருத்திதான். அவள் முன்னால், அத்தனை பேர் பார்க்க, நான் பாம்பின் மேல் உட்கார்ந்து அலறினால் என் கதி என்ன? யோசித்தேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தேன். பசியில்தான் அந்த யோசனை உதித்தது. சமையல்!

இங்கே என் மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். பல்லைக் காட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பி ஓடப் பார்ப்பவர்கள். இவள் யாரையும் தடுக்க மாட்டாள். "போகணுமா? தாராளமா போங்க. வெயிலா இருக்கே, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்பாள். ஆள் உட்காருவார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் உள்ளே நாற்காலியில் மல்லாந்து கிடப்பார். எப்படி வந்தோம் என்று அவருக்கே தெரியாது. பேச முடிந்தால் கேட்பார். வாயில்தான் பஞ்சு இருக்குமே.

இப்படிப்பட்டவளிடம்தான் நான் சாமர்த்தியம் காட்டப் போனேன்.

"இந்தத் தடவை ஓட்டல் வேண்டாம். பூங்காவுக்குப் பக்கத்திலேயே வீடு வாடகைக்குத் தர்றாங்க. அடுப்பு, பாத்திரம், பிரிட்ஜ் எல்லாம் இருக்கு. நாமளே சமைச்சுக்கலாம்" என்றேன்.

"லீவுலயும் நான் சமைக்கணுமா?"

"நீ ஏன் சமைக்கணும்? நான் சமைக்கிறேன்!"

அவள் கையிலிருந்த துணி மடிப்பு நழுவியது.

"நீங்களா?"

"நானேதான். மூணு வேளையும். வருஷம் முழுக்க உழைக்கிறவ நீ. வாண்டுவோட ஜாலியா பூங்காவைச் சுத்து. நான் வீட்டுல இருந்துக்கறேன்."

"அப்ப அந்தப் பாம்புல வாண்டுகூட யாரு உட்கார்றது?"

"நீதான்! அந்தச் சந்தோஷத்தை உனக்கு விட்டுக்கொடுக்கறேன்."

நழுவிய துணியை எடுத்து மறுபடி மடித்தாள். பிறகு அந்தக் குரல் வந்தது. வரவேற்பு மேசைக் குரல். "உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க."

அப்போதே நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வீட்டின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு சோபா. எதிரே சுவர் அகலத்துக்கு டிவி. ரொட்டியை இரண்டு வெட்டு, முட்டையை இரண்டு தட்டு, மிச்ச நேரமெல்லாம் சோபா. கிரிக்கெட் வேறு இருந்தது. தியாகத்தில் இவ்வளவு சுகம் இருப்பது தெரிந்திருந்தால் முன்னமே தியாகியாகியிருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி சொன்னாள்: "என்னங்க, நீங்க சமைக்கப்போறீங்கன்னு தம்பிகிட்ட சொன்னேன். அவன் நம்பவே மாட்டேங்கறான்."

"நம்பாட்டி போகட்டும்."

"நேர்ல பார்த்தாத்தான் நம்புவேன்னு குடும்பத்தோட வர்றான். அதே இடத்துலயே பெரிய வீடா மாத்திட்டேன்."

என் மச்சான் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் தூக்குவார். தூக்காத நேரத்தில் சாப்பிடுவார். அவருக்கு ஒரு மனைவி, இரட்டைப் பையன்கள். போய்ச் சேர்ந்ததும் மனைவி கீழ்வீட்டுக்கார அம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்தாள். நான் மாடிக்குப் பெட்டிகளைத் தூக்கினேன். மச்சான் தூக்கவில்லை. அன்று அவருக்கு ஓய்வு நாளாம்.

மறுநாள் காலையில் அடுப்படியில் ஆர்டர் எடுத்தேன்.

"அத்தான், எனக்கு முட்டைல வெள்ளை மட்டும்."

"எத்தனை முட்டை?"

"அதெல்லாம் கணக்குப் பார்க்கிற பழக்கமே இல்லை அத்தான்."

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"எனக்கு எதுன்னாலும் சரிண்ணா. வெங்காயம், பூண்டு, எண்ணெய், உப்பு, இதெல்லாம் இல்லாம இருந்தா போதும்."

"அப்புறம் மிச்சம் தண்ணிதானேம்மா?"

"கொதிக்க வெச்சுக் கொடுங்கண்ணா."

இரட்டையரில் ஒருவன் சிவப்பாக இருக்கும் எதையும் தொட மாட்டான். இன்னொருவன் சிவப்பாக இருப்பதைத் தவிர எதையும் தொட மாட்டான். எவன் எவன் என்பதுதான் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. தக்காளியை வெட்டலாம் என்றால் அந்த வீட்டில் இருந்தது ஒரே கத்தி. அது தக்காளியை வெட்டாது, தடவிக் கொடுக்கும். இருந்த வாணலியில் ஒரு முட்டைக்கு மேல் உட்காராது. மச்சானுக்கு வெள்ளையைக் கொடுத்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் மஞ்சளையெல்லாம் நானே தின்றேன். என் உடம்பில் இன்றைக்கும் பாதி கோழிதான்.

ரொட்டி லேசாகக் கருகியதும் கூரையில் இருந்த, புகை பட்டால் அலறும் மணி ஊரைக் கூட்டியது. நாற்காலி மேல் ஏறி, எட்டாமல், டிவி ரிமோட்டின் முனையால் அதன் பொத்தானை அமுக்கினேன். ரிமோட் என் கைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வழியாக எல்லோரும் கிளம்பினார்கள். பாத்திரம் கழுவினேன். கை துடைத்தேன். இந்த வீட்டிலும் இருந்த ஆள் நீளச் சோபாவில் சாய்ந்தேன். முதுகு அதில் படுவதற்குள் கதவு தட்டும் சத்தம்.

"என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லீங்க, மத்தியானச் சாப்பாடு!" என்றாள் மனைவி. "அங்க ஒரு சாண்ட்விச் என்ன விலை தெரியுமா? நல்லவேளை, பக்கத்திலேயே வீடா பார்த்தீங்க."

உருளைக்கிழங்கை வேக வைத்தேன். தின்றார்கள். போனார்கள். சாயங்காலம் சிற்றுண்டிக்கு வந்தார்கள். தின்றார்கள். போனார்கள். ராட்டினத்தில் சுற்றினால் பசிக்குமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரவு வந்தபோது நான் உருளைக்கிழங்கா, உருளைக்கிழங்கு நானா என்று தெரியாத நிலையில் தோலோடு நின்றுகொண்டிருந்தேன்.

வாண்டு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "பாம்புல ஏறவே இல்லப்பா. அம்மா நாளைக்குன்னுட்டாங்க. மாமாவும் அத்தையும் ஆளுக்கு ஒரு ரெட்டையோட ரெண்டு தடவை ஏறிட்டாங்க."

"வரிசை நீளமா இருந்துதுடா கண்ணு. நாளைக்கு முதல் வேலை அதுதான்" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. என்னை எடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுப்பின் முன்னால் நின்றபோது மனைவி மெல்ல வந்தாள்.

"என்னங்க, உங்க சமையல் தம்பிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். அவன்கிட்ட பயிற்சிக்கு வர்ற பையன்கள் நாலஞ்சு பேரு பூங்காவுக்கு வந்திருக்காங்களாம். மத்தியானம் கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்கறான்."

"அவங்களும் இரும்பு தூக்கறவங்களா?"

"ஆமா. பாவம், வளர்ற பசங்க."

எனக்குக் கண்ணைக் கட்டியது. நாலைந்து மச்சான்கள், அந்தக் கத்தி, அந்த வாணலி. ஒரு பக்கம் பேய்ப்பாம்பு, ஒரு பக்கம் முட்டை மலை. பாம்பாவது சீக்கிரம் முடிந்துவிடும்.

"இன்னைக்கு ஒரு நாள் நீ சமையேன்" என்றேன்.

"ஐயோ, ஆசைப்பட்டு எடுத்துக்கிட்ட வேலை. உங்ககிட்டேர்ந்து பிடுங்கறதா?"

"பிடுங்கு. பரவாயில்ல, பிடுங்கு."

"நான் இங்க இருந்தா வாண்டுகூடப் பாம்புல யாரு உட்கார்றது?"

"நான் உட்கார்றேன்."

"வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு! நான்தான் உட்காருவேன்! உன்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன், என்னைப் பாம்புகிட்ட விடு!"

கத்திவிட்டுத் திரும்பினால் வாசலில் வாண்டு. ஷூ மாட்டி, நாடா கட்டி, தொப்பியோடு தயாராக நின்றிருந்தாள்.

பாம்பின் மேல் நடந்ததை விவரமாகச் சொல்ல முடியாது. பாதி நேரம் கண்ணை மூடியிருந்தேன். மீதி நேரம் அது தானாக மூடிக்கொண்டது. இரும்புப் பட்டை மார்பில் வந்து இறங்கியதும் என் கால் பிரேக்கைத் தேடியது. இல்லை. அந்தப் பக்கம் தேடியது. அங்கேயும் இல்லை. உச்சிக்குப் போய் வண்டி ஒரு கணம் நின்றபோது, "ஹேண்ட் பிரேக்! ஹேண்ட் பிரேக்கைப் போடு!" என்று முன்னால் இருந்த, முன்பின் தெரியாத பெண்மணியிடம் கத்தினேன். அவரும் பாவம், எதையாவது இழுக்கலாமா என்று தேடினார். அதற்குள் விழுந்தோம்.

தலைகீழ் முடிச்சில் "கிளட்ச்!" என்றேன். அதன்பின் நான் சொன்னது எதுவும் எந்த மொழியிலும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கலவரம் முழுக்க ஒரு சின்னக் கை என் கையை விடாமல் பிடித்திருந்தது. கீழே இறங்கி நான் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது, "அப்பா, நீங்க சூப்பர்!" என்று வாண்டு குதித்தாள். உலகம் சுற்றிக்கொண்டிருந்தாலும் எனக்கு மனசு நிறைந்துபோனது. அலறியதை அவள் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அந்தத் தெம்பில் இன்னொரு தடவையும் ஏறினேன்.

வெற்றி வீரனாக வீடு திரும்பினேன். வாண்டு வாசலில் இரட்டையரோடு விளையாட நின்றுவிட்டாள். உள்ளே போனால், ஆள் நீளச் சோபாவில் என் மனைவி நீளமாகப் படுத்திருந்தாள். கையில் ரிமோட். சாப்பாட்டு மேசையில் ஆவி பறக்க வகை வகையாகச் சாப்பாடு. மச்சான் கூட்டத்துக்குத் தனியாக ஒரு குண்டான். அவள் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

"இதையெல்லாம் எப்படிச் சமைச்சே? அந்தக் கத்தியை வெச்சுக்கிட்டா?"

"நான் எங்க சமைச்சேன்? கீழ்வீட்டு அம்மா சமைச்சுக் கொடுத்தாங்க. வந்து தங்கறவங்க சொன்னா செஞ்சு கொடுப்பாங்களாம்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"சாவி வாங்கும்போதே சொன்னாங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்க பாம்புல ஏறியிருப்பீங்களா?" என்றாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "குழந்தைங்க ஆடற ஊஞ்சல்ல நான் உட்கார்ந்தாலே எனக்கு வாந்தி வரும். நான் எங்கே அதுல ஏறறது?"

ஆகா! பிடி கிடைத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பிடி. இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"அப்படியா சேதி! அம்மாவுக்குத்தான் பயம், அப்பாவுக்கு இல்லைன்னு இப்பவே போய் வாண்டுகிட்ட சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க. அவளுக்கு என் பயமும் தெரியும், உங்க பயமும் தெரியும்."

"என் பயமா? யாரு சொன்னது? நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? 'அப்பா பயந்துட்டுதாம்மா சமைக்கிறேங்கறாரு. மாமா வீட்டையும் கூப்பிட்டுடு, மறுநாளே அவரே கெஞ்சிக்கிட்டு வந்து ஏறுவாரு'ன்னு வாண்டுதாங்க எனக்குச் சொன்னா."