பாட்சா வீட்டு டிவிக்கு ஸ்பேர் வரவில்லை

இரும்புலியூரில் யார் வீட்டு டிவி இருட்டினாலும் கூப்பிடுவது பாட்சாவைத்தான். அப்பேர்ப்பட்ட பாட்சா, ஒரு திங்கட்கிழமை காலையில், மனைவி சாஹிரா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து, சொந்த வீட்டு டிவியைத் தானே கெடுத்தார்.

கெடுத்தார் என்றால் உடைக்கவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! பின்பக்க ஸ்க்ரூ ஆறையும் கழற்றினார். திரைக்கு வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட்டின் ஒயரை மட்டும் உருவினார். அதை உள்ளேயே மடித்து வைத்து, மூடியை மாட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். இனி சத்தம் வரும், படம் வராது.

எதற்கு இந்த வேலை? ஏக்கம் சார், ஏக்கம்!

கல்யாணமான புதிதில் வீட்டு முன்னறைதான் கடை. பெட்டி டிவியைப் பிரித்துப் போட்டு அவர் உட்கார, சாஹிரா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். பற்றவைக்கும் ஈயப் புகையில் தும்முவாள், தும்மிக்கொண்டே சிரிப்பாள். வேலை கொஞ்சம், பேச்சு ரொம்ப. கடைசியில் ஸ்க்ரூ தலைகளில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி வைப்பது அவள் பொறுப்பு. தொழுகைக்கு ஆகாது என்று அவள் ஒதுக்கிய பாலிஷ் அப்படிப் பயன்பட்டது. வேறு மெக்கானிக் எவனாவது கை வைத்தால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது கடை ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மகள் ருக்ஸானா கல்யாணமாகி வண்டலூர் போய்விட்டாள். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஏழிலிருந்து ஒன்பதரை வரை சாஹிராவுக்கு வரிசையாக ஐந்து சீரியல். விளம்பர இடைவேளையில் மட்டும் "சாப்டீங்களா?" என்பாள், அதுவும் டிவியைப் பார்த்தபடி. ஒருநாள் இவர் வாயைத் திறப்பதற்குள் டிவிக்குள் இருந்த மாமனார் "சாப்டேம்மா" என்றார். அவளும் திருப்தியாகத் தலையாட்டினாள். அன்றைக்குப் பாட்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயசில் சொந்தப் பெண்டாட்டியின் பேச்சுக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணி.

"ஏங்க, சத்தம் வருது, படம் வரல."

பாட்சா முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு திரையில் டார்ச் அடித்தார். "உள்ள நெழலாட்டம் தெரியுதா? பேக்லைட் அவுட்."

"எப்ப சரியாவும்?"

"ஸ்பேர் வரணும். ஒரு வாரமாவது ஆவும்."

"சத்தமாவது ஓடட்டும். கேட்டுகினு இருக்கேன்."

"அய்யய்யோ! போர்டே போய்டும்!"

சாஹிரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். டிவியின் முதுகை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்தது இதுதான் முதல் தடவை. அங்கேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா? ஆசை யாரை விட்டது!

அதற்கப்புறம் தினமும் மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் சேர், இரண்டு டம்ளர் இஞ்சி டீ. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானங்கள் தலைக்கு மேலே போக, சாஹிரா பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். அஸ்தினாபுரம் அக்காவின் முழங்கால் வலி, ருக்ஸானாவின் மாமியார் வைத்த உப்பில்லாத பிரியாணி, சீரியலில் மருமகள் வளையலைத் திருடியது கொழுந்தன்தான் என்று புதன்கிழமை தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பாட்சா "அப்படியா! அப்படியா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் தும்மிக்கொண்டே சிரித்தாள். அந்தத் தும்மலைக் கேட்டு எத்தனை வருஷமாகிவிட்டது! மறுநாளிலிருந்து கடையை அரை மணி முன்னாலேயே சாத்தினார்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அன்றைக்கு ஏழரைக்குக் கிரிக்கெட் ஃபைனல். ஆறு நாள் ஆசை தீரப் பேசியாச்சு, ஒருநாள் மேட்ச் பார்த்தால் குற்றமா? பக்கத்து வீட்டுச் சவுரிமுத்து வேறு, "பாய், உங்க வூட்லதான் பெரிய டிவி கீது" என்று வந்து சோபாவில் சம்மணம் போட்டுவிட்டார்.

"சாஹிரா, ஸ்பேர் வந்துடுச்சு!" என்று வெறும் கவரை ஆட்டிக் காட்டிவிட்டு, பாட்சா டிவியைத் திருப்பினார். ஸ்க்ரூ தலைகளில் ஆறு சிவப்புப் புள்ளிகள். பளபளவென்று, புத்தம் புதுசாக! மூடியைக் கழற்றினார். மடித்து வைத்த இடத்தில் ஒயர் இல்லை. மேலே இல்லை, கீழே இல்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

பக்கத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. சாஹிராதான் பிடித்திருந்தாள், பழைய மாதிரியே.

"இன்னாங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"பேக்லைட் ஒயரா? பத்திரமா கீது."

பாட்சா மூடியை எடுத்து மறுபடி மாட்டப் பார்த்தார்.

"திங்கக்கிழமையே நம்ம டிவிக்கு நான் வெச்ச பழைய புள்ளி ஆறும் உடைஞ்சிருந்துச்சு. கஸ்டமர் கிட்ட சொல்ற அதே 'ஸ்பேர் வரணும்' கதைய என்கிட்டயே சொல்றீங்களே! செவ்வாக்கிழமை நானே ஒயர மாட்டிட்டேன். டார்ச் பிடிச்சவ இத கூட கத்துக்க மாட்டேனா? மத்தியானம் ரெண்டு மணிக்கு அஞ்சு சீரியலும் மறுபடி போடறான். தெனமும் பார்த்துட்டுக் கழட்டி வெச்சுடுவேன்."

புதன்கிழமை சீரியல் வளையல் திருட்டு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பாட்சாவுக்கு இப்போதுதான் உறைத்தது. "அதான் மாட்டிட்டியே, அப்புறம் ஏன் கழட்டின?"

"மாட்டியே வெச்சிருந்தா நீங்க மாடிக்கு வருவீங்களா? நானும்தான் எத்தினி வருஷமா ஏங்கிகினு இருந்தேன்."

சவுரிமுத்து சத்தமில்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பாட்சாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தெருவில் யாரோ கத்துவது காதில் விழுந்தது, முதல் விக்கெட் போலிருக்கிறது.

"சாஹிரா, இன்னிக்கு மட்டும் அந்த ஒயர..."

சாஹிரா டார்ச்சை அணைத்தாள்.

"மேட்சுதானே? நாளைக்கு மத்தியானம் மறுபடி போடுவான். நான் பார்த்து வெச்சு, சாயங்காலம் உங்களுக்குக் கதையா சொல்றேன். டீ ஆறுது, மாடிக்கு வாங்க."