மூன்று தப்புக்கு ஒரு நாள்

மூன்றாவது தடவையும் எண் தப்பு என்று வந்தது. பூட்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு மடிக்கணினியைப் பார்த்தாள். அதன் பிறகு திரையில் ஒன்றுமே வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். வராதபடி செய்தவளே அவள்தான்.

பூட்டு என்பது ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர். தேநீர்க் கோப்பை அலமாரிக்கும் பூட்டுப் போட்டவள் என்பதால் வந்தது. அவள் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் பேச வேண்டும்.

ஆய்வகத்துக் கணினிகளுக்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது. சுற்றிலும் ஃபயர்வால் என்னும் தடுப்புச் சுவர். அதில் ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு பழைய கணினி. அதைத்தான் கேட்வே என்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர் முதலில் அதற்குள் நுழைய வேண்டும். நுழைந்துவிட்டால், உள்ளே இருக்கும் கணினி வரைக்கும் அது ஒரு சுரங்கப்பாதை போட்டுத் தரும். நுழைவதற்குக் கடவுச்சொல் வேண்டும். கூடவே கைபேசியில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும். மூன்று முறை தப்பானால், தட்டிய இணைப்பையே கேட்வே ஒரு நாள் முழுக்க ஒதுக்கிவைத்துவிடும். அந்த இணைப்பிலிருந்து யார் கூப்பிட்டாலும் 'முடியாது' என்றுகூடச் சொல்லாது.

"வேண்டாதவங்களுக்கு எதுக்கு சார் பதில்?" என்று ஆறு மாதத்துக்கு முன் அவள் பிரிவுத் தலைவரைக் கேட்டாள். அவள் வாய் திறந்த ஒரே கூட்டம் அது.

எல்லாவற்றையும் அவளே எழுதினாள். தடையை நீக்குவதென்றால் அவளுடைய மேசையில் உட்கார்ந்து அவளேதான் நீக்க வேண்டும் என்பதையும் எழுதினாள். அவளுக்குக் கண்வலி வரும், நான்கு நாள் வீட்டை விட்டு வரக்கூடாது என்று மருத்துவர் சொல்வார் என்பதை மட்டும் எழுதவில்லை.

நேற்று மாலை பிரிவுத் தலைவர் அழைத்திருந்தார்.

"பூட்டு, நாளைக்குப் பதினொரு மணிக்கு டைரக்டர் மேடம் முடிவு பண்றாங்க. உன் கேட்வேயா, இல்ல கடையில வாங்கற பெட்டியான்னு. நீ வீட்டுல இருந்தே உள்ள வந்து, குளிர் அறையோட வெப்பநிலையைத் திறந்து காட்டணும். முடியும்ல?"

"முடியும் சார்."

"இன்னொண்ணு. வெளியாள் ஒருத்தரை விட்டு உடைச்சுப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. யாருன்னு எனக்கே தெரியாது. உடைஞ்சுட்டா உன் பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போயிடும்."

"உடையாது சார்."

அவ்வளவுதான் பேசினாள். வைத்த பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

இப்போது கூடத்துக் கடிகாரத்தில் ஒன்பது இருபது. கைபேசியிலும் ஒன்பது இருபது. மடிக்கணினியில் மட்டும் ஒன்பது பத்து. மூன்று கருவிகளில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதுதான் பழுது. அறிவியல் படித்தவள், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எண் ஏன் தப்பாகிறது என்பதற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. வீட்டு இணைப்பு மந்தம். எண் போய்ச் சேருவதற்குள் அரை நிமிடம் கழிந்துவிடுகிறது. வேகமான இணைப்பு வேண்டும்.

கைபேசியின் இணைப்பில் முயன்றாள். ஒன்று. இரண்டு. மூன்று. அமைதி.

சட்டென்று அவளுக்கு வேறொன்று உறைத்தது. அந்தக் கைபேசி நிறுவனம் இந்தப் பகுதி வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே முகவரியில்தான் வெளியே அனுப்புகிறது. ஆக, பாதி ஊருக்குக் கேட்வே கதவைச் சாத்திவிட்டது.

"அம்மா!"

"என்ன பாப்பா, மருந்து போடணுமா?"

"மாடில இருக்கறவர்கிட்ட வைஃபை இருக்குமா?"

ஆய்வகத்துக்கு வேலையாக வருகிறவர்களுக்குத்தான் அப்பா மாடி அறையை வாடகைக்கு விடுவார். இப்போது இருப்பவர் பதினைந்து நாளைக்கு வந்தவர். ஆய்வகத்தில் ஏசி ஓடாமல் போன அன்று வந்து இறங்கியதால், ஏசி சரிசெய்ய வந்தவர் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

அம்மா படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தாள். "தம்பி! பாப்பாவுக்கு அவசரம், உங்க வைஃபையைக் கொஞ்சம் குடுங்க!"

சர்க்கரையைக் கேட்பது போலக் கேட்டாள். மாடித் தம்பி உடனே இறங்கி வந்து, கண்வலிக்குப் பயந்து கையை நீட்டிக் கடவுச்சொல்லை எட்ட நின்றே தட்டித் தந்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க. எனக்குப் பத்து மணிக்கு மேலதான் வேலை."

நல்ல மனிதர். நல்ல வேகம். மூன்று தப்பு. அமைதி.

ஒருவேளை அந்த வெளியாள் ஏற்கெனவே உள்ளே நுழைந்து, எண்ணை உண்டாக்கும் அவளுடைய ரகசியச் சாவியை மாற்றிவிட்டானா? இல்லை. அவளுடைய கேட்வே அப்படிப்பட்டது இல்லை. இணைப்புதான் சரியில்லை.

எதிர் வீட்டு டீச்சர் வீட்டிலிருந்தே வகுப்பு எடுப்பவர். அவர் வீட்டு இணைப்பு நிச்சயம் வேகமாக இருக்கும். அம்மா ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

"என் பூனை பேரு, பின்னாடி மூணு எட்டு!" என்று டீச்சர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

பூட்டுக்கு உடம்பு கூசியது. கடவுச்சொல்லை இப்படியா சொல்வது? சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று முறை தட்டினாள். கேட்வே டீச்சரையும் ஒதுக்கிவைத்தது.

உள்ளூர ஒரு சின்னக் குரல், 'எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது பார்' என்றது. அவள் அதை அதட்டி அடக்கினாள்.

பத்து முப்பத்தைந்துக்கு, மருத்துவர் சொன்னதை மீறி, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் இப்படியே பேசறேன். என்ன வேணும்?"

"வைஃபை."

"சுவத்துல எழுதியிருக்கு. என்னைப் பார்க்காமத் தட்டுங்க."

படியில் உட்கார்ந்து தட்டினாள். கடைக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "ஆச்சா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது எதிரே மாடித் தம்பி தோள்பையோடு வேகமாக ஜெராக்ஸ் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. அவருக்கு அங்கே என்ன நகல் எடுக்க வேண்டியிருந்ததோ. இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் கைபேசி அடித்தது. பிரிவுத் தலைவர்.

"தயாரா பூட்டு? மேடம் வந்துட்டாங்க. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

கைபேசி பத்து நாற்பத்தைந்து என்றது. பதினைந்து நிமிடம்தான். சார் எப்போதும் கணக்கில் தாராளம்.

"தயார் சார்" என்றாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பெரிய பொய் அது.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தெருவில் இனி எந்த இணைப்பும் மிச்சமில்லை. கேட்வேயை ஒவ்வொரு வரியாக நினைத்துப் பார்த்தாள். எங்கேயும் ஓட்டை இல்லை. ஒரே ஒரு ஓட்டை வைத்திருக்கக் கூடாதா என்று முதல் முறையாக ஏங்கினாள். கடிகாரம் பதினொன்றைத் தொட்டது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. கண்வலிக் கண்ணீரா மற்றதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா ஓடி வந்தாள்.

"ஏன்டி அழற?"

"மணி பதினொண்ணு ஆயிடுச்சும்மா. எல்லாம் போச்சு."

"அட, இதுக்கா? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, கண்ணைத் தொடை."

"என்னது?"

"நீ தினமும் ஆபீஸ் பஸ்ஸை விட்டுட்டு நிக்கறியேன்னு கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சேன். போன வாரம்."

"கூடத்துக் கடிகாரத்தையா?"

"அதையும்தான். உன் செல்லையும். அதுல தானாச் சரி பண்ணிக்கிற பொத்தான் ஒண்ணு இருந்துச்சு. அதைத் தேடி அணைக்கறதுக்குள்ள உயிரு போயிடுச்சு."

பூட்டு அம்மாவையே பார்த்தாள். அந்த ஆறு இலக்க எண் நேரத்தை வைத்துத்தான் பிறக்கிறது. காலையிலிருந்து அவள் தட்டிய ஒவ்வொரு எண்ணும், பத்து நிமிடம் கழித்து வர வேண்டிய எண். அலுவலகத்தில் உட்கார்ந்தால் அந்த எண்ணே தேவையில்லை. அதனால் ஒரு வாரமாகத் தெரியவில்லை. கேட்வே ஒருமுறைகூடத் தவறு செய்யவில்லை. மடிக்கணினியும் செய்யவில்லை. மூன்றில் இரண்டு என்று நம்பிய அவள்தான் செய்தாள்.

கைபேசியில் அந்தப் பொத்தானைத் திரும்பப் போட்டாள். பத்து ஐம்பத்திரண்டு.

"அப்பா!"

செய்தித்தாள் கொஞ்சம் தாழ்ந்தது. "என்ன?"

"உங்க செல்லு எந்தக் கம்பெனி?"

"நீங்க எல்லாரும் வெச்சிருக்கற கம்பெனி இல்ல" என்றார் அப்பா. "அவனுங்க என்னைக் கேக்காம காலர் டியூன்னு ஒரு பாட்டை வெச்சு விட்டானுங்க. அன்னிக்கே விட்டுட்டு வந்துட்டேன். பதினோரு வருஷம் ஆச்சு. நீங்கதான் சிரிச்சீங்க."

"இனிமே சிரிக்க மாட்டேன்பா. குடுங்க."

மடிக்கணினியை அப்பாவின் செல் இணைப்பில் சேர்த்துக் கடவுச்சொல்லைத் தட்டினாள். தன் கைபேசியில் எண் மாறும் வரை காத்திருந்தாள். புது எண் வந்தது. ஆறு இலக்கங்களையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

கேட்வே திறந்தது.

சுரங்கப்பாதை போடும் கட்டளையை அவள் விரல்களே எழுதின. திரையில் ஒரு பக்கம் விரிந்தது. மெல்லிய நீலக் கோடு, பக்கத்தில் ஓர் எண்: மைனஸ் எழுபத்தொன்பது.

அம்மா தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். "என்னடி இது?"

"எங்க குளிர் அறைம்மா. உள்ள அவ்வளவு குளிரு."

"ஆபீஸ்ல இருக்கற குளிரு நம்ம கூடத்துல தெரியுதா? இந்தத் தெருவுல இதை யாராவது பண்ணுவாங்களா!" என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

பதினொரு மணிக்கு, நிஜமான பதினொரு மணிக்கு, டைரக்டர் மேடம் முன்னால் அதே நீலக் கோடு பெரிய திரையில் ஏறியது.

மாலையில் பிரிவுத் தலைவர் அழைத்தார். குரலில் இனிப்பு.

"பூட்டு, முடிஞ்சுது! உன் பெட்டிதான். மேடம் எல்லாக் கிளைக்கும் இதையே போடச் சொல்லிட்டாங்க. உடைக்க வந்தவர் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'என் அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இது தாக்குகிறவனை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது.' இதை எப்படிம்மா எழுதின?"

பூட்டு விழித்தாள். அப்படி ஒரு வரிகூட அவள் எழுதவில்லை. ஒதுக்கிவைத்த இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஐந்து இருந்தன. ஐந்தும் அவளுடைய கைங்கரியம். வேறு யாரும் ஒரு தப்பு எண்கூடத் தட்டவில்லை. பெரிய கில்லாடியாம், வந்து போன தடயமே இல்லை. என்றாலும் தோற்றுத்தானே போனான். அவள் மடிக்கணினியின் மூடியை மெதுவாக ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

வாசலில் பேச்சுக்குரல். மாடித் தம்பி காலை டிபன் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தர வந்திருந்தார். தோள்பை, பெட்டி எல்லாம் கட்டியாகிவிட்டது.

"என்ன தம்பி, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க? ஏசி வேலை முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"ஏசியா? நான் உங்க பொண்ணு ஆபீஸ் கேட்வேயை உடைக்க வந்தவன்மா. மாடில, என் செல்லுல, டீச்சர் வீட்டுல, ஜெராக்ஸ் கடையில, எங்க போய் உட்கார்ந்தாலும் நான் ஒரு எழுத்து தட்டறதுக்கு முன்னாடியே அது வந்து கதவைச் சாத்திட்டுப் போயிருக்கு!"