நாற்பத்தோராம் பக்கத்துச் சனிக்கிழமை

மாதா துணை

சிதம்பரம்,
16.9.2009

அன்பும் பண்பும் மிக்க மச்சான், வழக்கறிஞர் செம்பியன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் லோகநாயகியின் கணவனும் வெள்ளாற்றங்கரைக் கலைக் கல்லூரியின் நூலகனுமான லூர்துசாமி எழுதிக்கொள்வது. தங்கள் சுகத்துக்கும் வீட்டில் இசைவாணியின் சுகத்துக்கும் ஞாயிறு பூசையில் மறக்காமல் வேண்டிக்கொண்டேன். எங்கள் சுகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கே இன்னும் தெரியவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் பாதியில் "மாமா, கோர்ட்டுல கூப்புடறாங்க" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் ஒரு மன்னிப்பு. போன சனிக்கிழமை நான் கடலூருக்கு வந்திருந்தேன். மஞ்சக்குப்பத்தில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன், வந்து எட்டிப் பார்க்கவில்லை. காரணம், கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எனக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. சிதம்பரம் பஸ் என்று நினைத்து ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கிப் பார்த்தால் திருவந்திபுரம். மறுநாள் கோயிலில் நல்ல முகூர்த்தம் போலிருக்கிறது, யாரோ ஒரு கல்யாணக் கூட்டத்தார் என்னைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று எண்ணிச் சந்தனம் பூசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். மறுக்கத் தெம்பில்லாமல் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். மச்சான், என் நிலைமையை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கூட்டம் என்னவென்றால், ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் பதிப்புரிமை பற்றி ஒருநாள் பயிலரங்கு. எங்கள் கல்லூரியில் யாரும் போக முன்வராததால் முதல்வர் என்னை அனுப்பினார். ஒரு ஃபைலும் பேனாவும் கையேடும் கொடுத்தார்கள், பருப்பு வடையும் கொடுத்தார்கள், நானும் நிம்மதியாக முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பேச வந்தவர் வெண்மதி என்கிற வக்கீல் பெண். முப்பது வயதுகூட இருக்காது. எடுத்த எடுப்பில், "முழுப் புஸ்தகத்த ஜெராக்ஸ் போட்டு, பைண்ட் பண்ணி, லைப்ரரி அலமாரில வெச்சிருக்கறவங்க கைய தூக்குங்க" என்றது. பரிசு கொடுக்கத்தான் கேட்கிறது என்று நினைத்தேன் மச்சான். கையைத் தூக்கியதோடு விடாமல் எழுந்தும் நின்றேன். அறுபது பேரில் நான் ஒருவன்தான்.

"எத்தன புஸ்தகம் இருக்கும்ங்க அய்யா?"

"நூத்தி நாப்பத்தாறு மேடம். எல்லாம் என் கையால பைண்ட் பண்ணது. முதுகுல தங்க எழுத்து."

அந்தப் பெண் கையிலிருந்த மைக்கை மேசைமேல் வைத்தது. பிறகு ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னது: "உக்காருங்க அய்யா. வகுப்புல பாடம் நடத்த வாத்தியார் கொஞ்சம் நகல் எடுத்துக்கலாம், கேள்வித்தாள்ல போடலாம், அதுக்கெல்லாம் சட்டத்துல எடம் இருக்கு. கடைல கெடைக்கற புஸ்தகத்த முழுசா எடுத்து வெக்கறதுக்கு எடம் இல்லிங்க." அதன்பிறகு அது சொன்னதில் பாதி எனக்கு ஏறவில்லை. கையால் எழுதிய பாடக்குறிப்பாக இருந்தாலும், எழுதிய நிமிஷமே எழுதியவருக்குச் சொந்தம், எங்கும் போய்ப் பதியவேண்டிய கட்டாயமில்லை என்றது மட்டும் மனதில் நின்றது. இருபத்தெட்டு வருஷமாக நான் சேவை என்று நினைத்துச் செய்துவந்தது குற்றம். வருகிற ஜூனில் எனக்கு ஓய்வு. பாராட்டுப் பத்திரம் தருவார்கள் என்று இருந்தேன், இனி குற்றப் பத்திரிகைதான் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையேட்டை மடியில் வைத்திருக்கவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் கடைசிப் பக்கத்தில், இதை யாரும் கேட்காமலே நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். என் நூலகத்தில் நான் துணிந்து நகலெடுக்கக்கூடிய ஒரே புத்தகம் இன்றைய தேதிக்கு அதுதான்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நூற்று நாற்பத்தாறையும் அலமாரியிலிருந்து இறக்கினேன். நூலகத்து ஜெராக்ஸ் மிஷினுக்குச் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டினேன். "இங்கே திருடுவது இன்றோடு நிறுத்தப்பட்டது" என்று ஒரு அறிவிப்பும் ஒட்டினேன். பிள்ளைகள்கூடச் சும்மா போய்விட்டார்கள், ஆசிரியர்கள்தான் குதித்தார்கள். முதல்வர் ஓடிவந்து, "லூர்து, செமஸ்டருக்கு ஒரு மாசந்தான் கெடக்கு, நீங்க மிஷினுக்கு வெலங்கு மாட்டி வெச்சிருக்கீங்க! எவன் திருடுனான், எத திருடுனான்?" என்றார். "நான்தான் சார்" என்றேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

நேற்று செவ்வாய்க்கிழமை, ஊரையும் திருத்திவிடலாம் என்று கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காத்தவராயனிடம் போனேன். அவர் கல்லாப் பக்கத்தில் கட்டுக்கட்டாக ஒரு நோட்டின் நகல். பி.எஸ்ஸி. தாவரவியல். பச்சை அட்டை. "இதான் சார் நம்ம கடையில ஜாஸ்தி போறது. பதினஞ்சு வருஷமா இத வெச்சித்தான் அரியர் பசங்க பாஸ் பண்றாங்க" என்றார். திறந்தேன். மச்சான், ழகரத்துக்குப் பூனை வால் போடுகிற கையெழுத்து உலகத்தில் ஒன்றுதான் உண்டு. உங்கள் அக்காள் மேல வீதி டுடோரியலில் அரியர் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாளே, அப்போது எழுதிய நோட்டு! முளைக்கும் பயறின் சுவாசம் என்ற பாடத்தில், ஓரத்தில், சின்ன எழுத்தில், "சனிக்கிழமை கேஸ் பதிய வேண்டும்" என்று இருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்புக்கு சிலிண்டர் பதிவதற்காக அவள் எழுதி வைத்துக்கொண்டது. அதுவும் சேர்ந்து நகலாகிப் பதினைந்து வருஷமாக ஊருக்குள் சுற்றுகிறது.

"இது என் சம்சாரத்தோடது" என்றேன்.

"அப்படிங்களா சார்? அம்மாவுக்குக் கோயிலே கட்டலாம்! ஆனா இனிமே இது போவாது சார். அதான் உங்க கலைமணி சார் அச்சுலயே போட்டுட்டாரே" என்று பளபளப்பான ஒரு வழிகாட்டியை எடுத்துப் போட்டார். கலைமணி எங்கள் தாவரவியல் துறைத் தலைவர். அட்டையில் அவர் படம், கோட்டு சூட்டில். இந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே மூன்றாம் பதிப்பு. அதே சுவாசப் பாடத்தைத் தேடி நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினேன். "சனிக்கிழமைதோறும் வெளியேறும் வாயுவைப் பதிவு செய்தல் வேண்டும்" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. பரீட்சையில் அதை எழுதினால் அரை மதிப்பெண் உண்டாம்.

நேரே துறைக்குப் போனேன். கலைமணி மாலை போட்டுப் படம் எடுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், வருகிற இருபத்தைந்தாம் தேதி நூலாசிரியர் என்று கல்லூரியில் அவருக்குப் பாராட்டு விழா. "சார், சுவாசத்துல சனிக்கிழமை எதுக்கு வருது?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வாரத்துக்கு ஒருவாட்டி அளவெடுக்கணும் லூர்து. நம்ம ஊரு சீதோஷ்ணத்துக்குச் சனிக்கிழமதான் கரெக்டு" என்றார். "அது எங்க வூட்டு சிலிண்டர் சார்" என்றேன். மனுஷர் முகத்தில் பச்சையமே இல்லாமல் போய்விட்டது. "ஜெராக்ஸ் கடையில கெடந்துச்சு, பேரு எதுவும் இல்ல, யாரோடதும் இல்லன்னு நெனச்சேன்" என்று மூன்று தரம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் லோகநாயகி முன்னால் வைத்தேன். அழுவாள், அல்லது கத்துவாள் என்று பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "வேர் முடிச்சு படத்தத் தலகீழா போட்டிருக்கான்" என்றாள். பிறகு, மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் வகுப்புக்கு வராத ஒரு பெண்ணுக்கு மட்டும் அந்த நோட்டைக் கொடுத்ததாகவும், அது திரும்பி வரவே இல்லை என்றும் சொன்னாள். "அப்பவே புஸ்தகமா போடலாம்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "சொன்னேனே. பெஞ்சமின் மாமா பொண்ணு கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றப்ப, பஸ்ல. உன் நோட்ட யாரு வாங்குவான்னு கேட்டீங்க" என்றாள். மச்சான், நூற்று நாற்பத்தாறு புத்தகத்துக்கும் சேர்த்து வராத அதிர்ச்சி எனக்கு அப்போதுதான் வந்தது. அடுத்தவர் எழுதியதையெல்லாம் தங்க எழுத்துப் போட்டு பைண்ட் பண்ணிய கை இது. வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு அட்டைகூடப் போட்டுத் தரவில்லை.

ஆகவே நீங்கள் உடனே கலைமணிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். விழா நிற்க வேண்டும். புத்தகம் கடைகளிலிருந்து வாபஸாக வேண்டும். உங்கள் அக்காளிடம் இதைச் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு என் ஆசியும், உங்கள் சட்டப் புத்தகங்களுக்கு என் மரியாதையும். நீங்கள் எல்லாரும் நோய்நொடியின்றி, நகலெடுக்காமல் வாழ மாதாவை வேண்டும்,

அன்புள்ள மாமா,
ஆ. லூர்துசாமி

பி.கு. (17.9.2009): மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். ஸ்டாம்ப் வாங்கப் போன நேரத்தில் உங்கள் அக்காள் கடிதத்தைப் படித்துவிட்டாள். "என் வெவகாரத்துக்கு நீங்க யாரு நோட்டீஸ் உட?" என்று கேட்டாள். நேற்றுச் சாயந்தரம் மார்க்கெட் போனதாகச் சொன்னவள் உண்மையில் கலைமணி வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். மூன்று மணி நேரம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அறுபத்து மூன்று பிழைகளைத் திருத்தியிருக்கிறாள். அவரும் பென்சிலைச் சீவிக்கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாராம். நான்காம் பதிப்பில் ஆசிரியர் லோகநாயகி மட்டும், கலைமணியின் பெயர் "பிழைதிருத்த உதவி" என்ற இடத்தில். இருபத்தைந்தாம் தேதி விழா நடக்கும், மாலை இவளுக்கு. உள்பக்கத்தில், மாணவர்கள் இதைத் தாராளமாக நகலெடுத்துக்கொள்ளலாம் என்று அச்சடிக்கச் சொல்லிவிட்டாளாம். மிஷின் சங்கிலியை நாளைக் காலை நானே அவிழ்க்கப் போகிறேன். உங்களிடம் கேட்பது ஒரு ஒப்பந்தம் மட்டும், அவள் சொல்கிறபடி எழுதி அனுப்புங்கள். நன்றியுரையில் என் பெயர் வருமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.